சொந்தப் பெயரில் விளையாடியவர்

செமஸ்டர் லீவுல நீங்க ரெண்டு மாசம் எங்கேயோ ஒரு வேலைக்குப் போறீங்கன்னு வச்சுக்குங்க. கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு கிடைக்குது. அடுத்த லீவுலயும் அதே மாதிரி. கொஞ்ச நாள் கழிச்சு, அந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு போட்டியில உலகத்துலயே முதல் ஆளா ஜெயிக்கிறீங்க. ஊரே கொண்டாடுது. ஆறு மாசத்துல ஒரு முடிவு வருது: லீவுல காசு வாங்கியிருக்கீங்க, அதனால பரிசைத் திருப்பிக் கொடுங்க!

ஜிம் தோர்ப் வாழ்க்கையில் ஏறக்குறைய இதுதான் நடந்தது. அமெரிக்கா கண்ட மிகப் பெரிய விளையாட்டு வீரர்களில் ஒருவர். இறந்து எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவரைப் பற்றி இப்போ ஏன் பேசணும்?

காரணம் இருக்கு. இன்னைக்கு அமெரிக்காவுல பதினாறு, பதினேழு வயசு ஸ்கூல் பசங்க ஷூ கம்பெனியோடயும் கூல்டிரிங்ஸ் கம்பெனியோடயும் ஒப்பந்தம் போடுறாங்க. அதுக்குப் பேர் என்.ஐ.எல். அதாவது நேம், இமேஜ், லைக்னஸ். ஒருத்தரோட பெயர், படம், சாயல் மூணையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்த, அதுக்குரியவருக்கே காசு கொடுக்கிற ஏற்பாடு. சாயல் என்றால் முகம் மட்டும் இல்லை. குரல், கையெழுத்து, வீடியோ கேமில் வரும் பொம்மை உருவம் என்று அவரை நினைவுபடுத்தும் எல்லாமே அதில் அடங்கும்.

இந்த மூன்றும் ஒரு மனிதருக்கு எவ்வளவு பெறும், அவற்றை அவர் கையில் வைத்திருக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரிஞ்சுக்க, தோர்ப்பின் வாழ்க்கையை விட நல்ல பாடம் கிடைக்காது. வாங்க, ஆரம்பத்துலேர்ந்து பாக்கலாம்.

பிரகாசமான பாதை

1887-இல், இன்றைய ஓக்லஹோமா மாநிலத்தில், சாக் அண்ட் ஃபாக்ஸ் என்ற பூர்வகுடி இனத்தில் பிறந்தார் ஜிம். அவருடைய இனப் பெயர் வா-தோ-ஹக். பிரகாசமான பாதை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கூடப் பிறந்த இரட்டைச் சகோதரன் சார்லி சிறு வயதிலேயே நோயில் இறந்துபோனான். சில ஆண்டுகளில் அம்மாவும் போய்விட்டார்.

1904-இல் பென்சில்வேனியாவில் இருந்த கார்லைல் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசக் கூடாது என்று தடுத்து, வெள்ளைக்காரர்களைப் போல் மாற்றுவதற்காக 1879-இல் அரசு தொடங்கிய பள்ளி அது. வகுப்பு பாதி, வேலை பாதி. பக்கத்துப் பண்ணைகளுக்கும் குறைந்த கூலிக்கு மாணவர்களை வேலைக்கு அனுப்புவார்கள்.

அங்கேதான் ஒரு நாள், மைதானத்தில் மற்றவர்களால் தாண்ட முடியாத உயரத்தில் இருந்த கம்பியை, வேலைக்குப் போட்டிருந்த உடுப்போடயே ஜிம் தாண்டினார் என்று சொல்வார்கள். பயிற்சியாளர் பாப் வார்னர் காதுக்கு விஷயம் போனது. அதோட வாழ்க்கை திசை மாறிடுச்சு.

ஓட்டம், தாண்டல், அமெரிக்கன் ஃபுட்பால் என்று எதை எடுத்தாலும் ஜிம்தான். 1911-இல் இந்தச் சின்னப் பள்ளி ஹார்வர்டு பல்கலைக்கழக அணியை 18-15 என்று வென்றது. அடுத்த ஆண்டு ராணுவக் கல்லூரி அணியை 27-6 என்று அடித்தது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஐசனோவர் அன்று தோற்ற அணியில் ஆடியவர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஆட்டம் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. டிக்கெட் காசு வந்தது. பள்ளியின் விளையாட்டு நிதி கொழுத்தது. பயிற்சியாளருக்குப் பேரும் வருமானமும் சேர்ந்தன. கூட்டம் யாரைப் பார்க்க வந்ததோ அவருக்கு மட்டும் அதில் உரிமை கிடையாது. ஏன்னா அவர் 'அமெச்சூர்'. காசுக்காக விளையாடாதவர்.

இரண்டு கோடைக்காலம்

1909, 1910 ஆகிய இரண்டு கோடைக்காலங்களில், வட கரோலினாவில் ராக்கி மவுன்ட் என்ற ஊரில், சின்ன பேஸ்பால் லீக் ஒன்றில் ஜிம் ஆடினார். வாரத்துக்கு 35 டாலர் வரை கிடைத்தது என்பார்கள். அதைவிடக் குறைவு என்று சொல்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் செலவுக்குத்தான் சரியாக இருந்திருக்கும்.

அவர் மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் நிறைய கல்லூரிப் பையன்கள் கோடை விடுமுறையில் இப்படி ஆடுவது சகஜம். ஆனா அவங்க ஒரு தந்திரம் பண்ணாங்க. பொய்ப் பெயரில் ஆடினாங்க. காசு வாங்கினது தெரிஞ்சா அமெச்சூர் தகுதி போயிடும்னு அவங்களுக்குத் தெரியும். யாரோ முன்னாடியே சொல்லிக் கொடுத்திருந்தாங்க.

ஜிம்முக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் ஜிம் தோர்ப் என்ற சொந்தப் பெயரிலேயே ஆடினார். உள்ளூர்ப் பத்திரிகைகளில் அந்தப் பெயர் அச்சிலும் வந்தது.

ஸ்டாக்ஹோம், 1912

1912 ஒலிம்பிக் ஸ்வீடனில் நடந்தது. ஐந்து போட்டிகள் கொண்ட பென்டத்லானிலும் பத்துப் போட்டிகள் கொண்ட டெக்கத்லானிலும் ஜிம் இறங்கினார். பென்டத்லானில் ஐந்தில் நான்கு போட்டிகளில் முதல் இடம். டெக்கத்லானில் 8,412 புள்ளிகள். இரண்டாம் இடம் வந்த ஸ்வீடன் வீரர் ஹ்யூகோ வீஸ்லாண்டரை விட ஏறக்குறைய 700 புள்ளிகள் அதிகம். நடுவில் அவருடைய ஷூ காணாமல் போய், கிடைத்த ஜோடி சேராத ஷூக்களைப் போட்டுக்கொண்டு ஆடினார் என்றும் சொல்வார்கள். அந்தப் புகைப்படத்தை இணையத்தில் நீங்களே பாத்திருப்பீங்க. இரண்டு காலிலும் வேறு வேறு சாக்ஸ், வேறு வேறு ஷூ.

இரண்டு தங்கம். ஸ்வீடன் மன்னரே பாராட்டினார். நியூயார்க் திரும்பியபோது பிராட்வே வீதியில் ஊர்வலம்.

ஒரு செய்தி, ஒரு கடிதம்

1913 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரப் பத்திரிகை ஒன்றில் அந்தப் பேஸ்பால் விஷயம் வெளியானது. அமெச்சூர் விளையாட்டுச் சங்கம் விசாரித்தது. ஜிம் மறைக்கவில்லை. காசு வாங்கியது உண்மை என்றும், தான் ஒரு பூர்வகுடிப் பள்ளி மாணவன் என்றும், அது தப்பென்று தனக்குத் தெரியாது என்றும், மற்றவர்களைப் போல் பெயரை மாற்றிக்கொள்ளத் தனக்குத் தோன்றவில்லை என்றும் கடிதம் அனுப்பினார். அதன் வாசகங்களை எழுதிக் கொடுத்ததில் வார்னரின் கை இருந்தது என்றே பலரும் நம்புகிறார்கள். தன் மாணவன் கோடையில் எங்கே போனான் என்று தனக்குத் தெரியாது என்றார் வார்னர். அதை நம்புவது கஷ்டம்.

பதக்கங்கள் பறிக்கப்பட்டன. பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இதில் இன்னொரு கொடுமை. அந்த ஒலிம்பிக்கின் விதிப்படி, ஒரு வீரரின் தகுதியைப் பற்றிப் புகார் செய்ய வேண்டுமென்றால் போட்டி முடிந்து 30 நாளுக்குள் செய்ய வேண்டும். இந்தப் புகார் வந்தது சுமார் ஆறு மாதம் கழித்து. அதாவது விதியைச் சொல்லிப் பதக்கத்தை எடுத்தவர்கள், அதே விதிப் புத்தகத்தின் இன்னொரு பக்கத்தைப் படிக்கவே இல்லை. ஜிம் பக்கம் நின்று அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்ட ஒரு ஆள் இல்லை. பொய்ப் பெயரில் ஆடியவர்கள் தப்பித்தார்கள். உண்மைப் பெயர் போட்டவர் மாட்டினார்.

நாய் விற்ற அணி

தகுதி போனதும் இனி மறைக்க என்ன இருக்கு? 1913-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி அவரை எடுத்தது. 1919 வரை பெரிய லீக்கில் ஆடினார். 1915 முதல் ஒஹாயோவின் கேன்டன் புல்டாக்ஸ் ஃபுட்பால் அணியிலும் ஆடினார். ஒரு ஆட்டத்துக்கு 250 டாலர் என்பார்கள். அவர் வந்த பிறகு கூட்டம் பல மடங்கு ஆனது.

1920-இல் தொழில்முறை ஃபுட்பால் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். இன்று என்.எஃப்.எல். என்று உலகம் முழுக்கத் தெரிந்தது அதுதான். அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? ஜிம் தோர்ப். நிர்வாகம் தெரியும் என்பதற்காக அவரைப் போடவில்லை. அந்தப் பெயர் இருந்தால் பத்திரிகையில் செய்தி வரும், மக்கள் மதிப்பார்கள். அடுத்த வருஷமே வேறொருவர் தலைவரானார்.

1922-இல் நடந்தது இன்னும் விசேஷம். ஒஹாயோவின் லரூ என்ற குட்டி ஊரில் வால்டர் லிங்கோ என்று ஒருவர். ஏர்டேல் வகை நாய்களை வளர்த்து விற்பவர். தன் நாய்ப் பண்ணையின் விளம்பரத்துக்காகவே ஒரு ஃபுட்பால் அணியை உருவாக்கினார். பெயர் ஊராங் இண்டியன்ஸ். ஊராங் என்பது நாய்ப் பண்ணையின் பெயர். ஆடியவர்கள் அத்தனை பேரும் பூர்வகுடியினர். பயிற்சியாளரும் நட்சத்திரமும் ஜிம். இடைவேளையில் நாய்கள் வித்தை காட்டும். வீரர்கள் இறகுக் கிரீடம் வைத்து ஆட வேண்டும். இரண்டு சீசனில் அணி கலைந்தது.

இதை யோசிச்சுப் பாருங்க. ஜிம்முக்குச் சம்பளம் கிடைத்தது, அது உண்மை. ஆனா அவர் உருவத்தை எப்படிக் காட்டணும்னு முடிவு பண்ணது யாரு? நாய் வியாபாரி. காசு வாங்குவது ஒன்று. தன் உருவம் எந்த வேஷத்தில் போய் நிற்கும் என்று தீர்மானிக்கும் உரிமை வேறொன்று. ஒப்பந்தத்தில் முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமல் போகலாம்.

1,500 டாலர் கதை

1928-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அடுத்த வருஷமே பொருளாதாரப் பெருமந்தம். ஹாலிவுட்டில் சின்னச் சின்ன வேஷங்கள் கிடைத்தன. பெரும்பாலும் பெயரில்லாத பூர்வகுடித் தலைவன் வேஷம். நடுவில் கூலிக்குப் பள்ளம் தோண்டினார். காவலாளி வேலை பார்த்தார். குடிப்பழக்கமும் இருந்தது. கையில் வந்த காசும் நிக்கலை. எல்லாத்துக்கும் விதி மட்டுமே காரணம்னு சொன்னா அது பொய். ஆனா பதக்கத்தோட, மரியாதையோட ஒரு வேலை கிடைச்சிருந்தா கதை வேற மாதிரி இருந்திருக்கலாம்.

1932-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒலிம்பிக் நடந்தபோது டிக்கெட் வாங்கக்கூட அவரிடம் காசு இல்லை என்ற செய்தி பரவியது. அப்போதைய துணை ஜனாதிபதி சார்லஸ் கர்ட்டிஸ், தானும் பூர்வகுடி வழி வந்தவர், தன்னோடு உட்கார வைத்தார். கூட்டம் எழுந்து கைதட்டியது. கைதட்டல் வாடகை கட்டாது இல்லையா?

இந்த நெருக்கடியில்தான் 1931-இல் தன் வாழ்க்கைக் கதையின் திரைப்பட உரிமையை எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு 1,500 டாலருக்கு விற்றார். அவர்கள் படம் எடுக்கவில்லை. பிறகு 1951-இல் வார்னர் பிரதர்ஸ் எடுத்தது. பர்ட் லங்காஸ்டர் என்ற பெரிய நடிகர் ஜிம்மாக நடித்தார். வார்னர் பிரதர்ஸிடமிருந்து அவருக்கு 15,000 டாலர் போனது. எதுவுமே கொடுக்கவில்லை என்று பரவிய பேச்சு சரியில்லை. ஆனாலும் தன் கதையைச் சொல்லும் உரிமை, அவசரத்துக்கு விற்ற அந்த நாளிலேயே அவர் கையை விட்டுப் போயிருந்தது.

1950-இல் அசோசியேட்டட் பிரஸ் நடத்திய வாக்கெடுப்பில் அரை நூற்றாண்டின் மிகச் சிறந்த வீரர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு உதட்டில் புற்றுநோய். கட்டணம் கட்ட வழியில்லாமல் இலவச நோயாளியாகச் சிகிச்சை பெற்றார். 1953 மார்ச் 28 அன்று கலிஃபோர்னியாவில், குடியிருந்த டிரெய்லர் வீட்டில் மாரடைப்பால் இறந்தார்.

ஊரின் பெயர் ஜிம் தோர்ப்

இறந்த பிறகும் அந்தப் பெயரை விட்டு வைக்கவில்லை. ஓக்லஹோமாவில் அவர் இன முறைப்படி சடங்கு நடந்துகொண்டிருந்தபோதே, மூன்றாவது மனைவி பேட்ரிஷியா உடலை எடுத்துப் போனார். பென்சில்வேனியாவில் மௌக் சங்க், ஈஸ்ட் மௌக் சங்க் என்ற இரண்டு ஊர்கள் தொழில் நசிந்து தவித்துக்கொண்டிருந்தன. 1954-இல் ஒப்பந்தம் ஆனது. இரண்டும் ஒன்றாகி ஜிம் தோர்ப் என்று பெயர் மாற்றிக்கொள்ளும். உடல் அங்கே அடக்கம் செய்யப்படும். சுற்றுலாப் பயணிகள் வருவார்கள் என்ற நம்பிக்கை.

அவர் பிறந்தது அங்கே இல்லை, வாழ்ந்ததும் இல்லை. உடலைத் தங்கள் மண்ணுக்குக் கொண்டுவர மகன்கள் நீதிமன்றம் போனார்கள். 2013-இல் ஜெயித்தார்கள். 2014-இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். 2015-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. இன்னும் அவர் அங்கேதான் இருக்கிறார்.

பதக்கம் மட்டும் மெதுவாகத் திரும்பி வந்தது. ராபர்ட் வீலர் என்ற எழுத்தாளரும் அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் ரிட்லனும் பல வருஷம் போராடினார்கள். 1912-ஆம் ஆண்டின் அந்த விதிப் புத்தகத்தை ரிட்லன் ஒரு நூலகத்தில் தேடிப் பிடித்தார். அந்த 30 நாள் விதி வெளியே வந்தது. 1982-இல் ஒலிம்பிக் குழு அவரை இணை வெற்றியாளர் என்றது. 1983-இல் பிள்ளைகளிடம் பதக்கங்களின் மாற்றுப் பிரதிகள் கொடுக்கப்பட்டன. 2022 ஜூலையில்தான் அவரே ஒரே வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். 110 வருஷம்!

சரி, இன்றைய பசங்களுக்கு?

ஒலிம்பிக்கில் அமெச்சூர் விதி பிறகு தளர்ந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அது நூறு ஆண்டுக்கு மேல் நீடித்தது. 2009-இல் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன், ஒரு வீடியோ கேமில் தன் சாயலைக் காசு கொடுக்காமல் பயன்படுத்தியதற்காக வழக்குப் போட்டார். 2019-இல் கலிஃபோர்னியா சட்டம் கொண்டு வந்தது. 2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரால் சம்பாதிக்கலாம் என்று ஆனது. அந்த அலை பள்ளிகளுக்கும் வந்தது. பள்ளி விளையாட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி. இப்போது பெரும்பாலான மாநிலங்கள் அனுமதிக்கின்றன.

கதவு திறந்தாச்சு. ஆனா ஜிம் மாட்டின அதே இடத்துல ஒரு பதினாறு வயசுப் பையனோ பொண்ணோ இன்னைக்கும் மாட்டலாம். உங்க சொந்தக்காரங்க பிள்ளை யாராவது அங்கே ஸ்கூல்ல விளையாடினா, இந்த ஐந்து கேள்வியை அனுப்பி வைங்க.

ஒன்று: எங்க மாநில விதி என்ன சொல்லுது? பொதுவாகப் பள்ளியின் பெயர், சின்னம், சீருடை விளம்பரத்தில் வரக் கூடாது. ஜெயித்ததற்காகவோ ஒரு பள்ளியில் சேர்வதற்காகவோ காசு வாங்கக் கூடாது. தெரியாது என்று சொன்னால் தகுதி மிஞ்சாது. ஜிம்முக்கும் மிஞ்சவில்லை.

இரண்டு: எத்தனை வருஷத்துக்கு? காலவரையறை இல்லாமல், அல்லது எதிர்கால வருமானத்தில் பங்கு கேட்கும் ஒப்பந்தம் என்றால் அது 1,500 டாலர் கதைதான்.

மூன்று: என்னை எந்த மாதிரிக் காட்டுவாங்க? எந்தப் படத்தை எங்கே போடுவார்கள், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நாய் வியாபாரியை மறக்க வேண்டாம்.

நான்கு: வரி யார் கட்டுறது? மாதச் சம்பளம் மாதிரி இதில் யாரும் முன்கூட்டி வரி பிடிப்பதில்லை. வாங்கியவரே ஒதுக்கி வைத்துக் கட்ட வேண்டும்.

ஐந்து: எனக்காக இதைப் படிக்கிறது யாரு? மைனர் என்றால் அப்பா அம்மா கையெழுத்தும் பெரும்பாலும் தேவைப்படும். கையெழுத்து மட்டும் போதாது. ஒப்பந்தம் கொண்டு வந்தவரிடம் காசு வாங்காத ஒரு வக்கீல் ஒரு முறை படித்துச் சொல்ல வேண்டும். வார்னர் மாதிரி ஒருவர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் கையெழுத்துப் போடும் நிலைமை வரக் கூடாது.

கடைசியா ஒண்ணு. ஜிம் கதையைப் படிச்சுட்டு, அவரும் பொய்ப் பெயர்ல ஆடியிருந்தா தப்பிச்சிருப்பாரேன்னு உங்களுக்குத் தோணலாம். எனக்கும் முதல்ல தோணுச்சு. ஆனா சொந்தப் பெயரைப் போட்டது அவர் செய்த தப்பு இல்லை. பெயருக்கு விலை உண்டு என்று தெரிந்த அத்தனை பேரும் அவரைச் சுத்தி இருந்தாங்க. பள்ளி, பயிற்சியாளர், லீக், நாய்ப் பண்ணை, சினிமா கம்பெனி, ஊர்கள் இரண்டு. அதை அவரிடம் சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை.

இன்னைக்கு அந்தப் பசங்களுக்குச் சொல்ல ஆள் இருக்கணும். அவ்வளவுதான் வேணும்.